இரண்டு ஊருக்கும் ஒரே கோல்கீப்பர்

என் கடைக்குப் பக்கத்துக் கடை மெத்தைக் கடை. நான் விற்பது கண்ணாடி. ஜன்னலுக்கு, அலமாரிக்கு, முகம் பார்க்க, படம் மாட்ட, எல்லாவற்றுக்கும். பந்து விளையாடுகிற ஓர் ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கண்ணாடி விற்பவன் நிம்மதியாகத் தூங்க முடியுமா என்று கேட்பார்கள். உண்மையைச் சொன்னால், இத்தனை வருஷத்தில் மெத்தைக்காரர் என் கடையில் ஒரு சில்லைக்கூட உடைத்ததில்லை. உடைத்ததெல்லாம் நான்தான்.

ஊரில் அவருக்குப் பெயரே 'மெத்தை'தான். ஆள் நல்ல உயரம். கை முழங்காலைத் தொடும். குரல் மட்டும் பக்கத்தில் போய்க் கேட்டால்தான் கேட்கும். யார் என்ன கேட்டாலும் அந்தக் குரலில் 'சரி' என்பார். முடியாது என்ற வார்த்தை அவர் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை. கடன் சொல்லி மெத்தை கேட்டாலும் சரி, விற்ற மெத்தையை ஒரு வருஷம் படுத்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தாலும் சரி.

மெத்தை வாங்க வருபவர்கள் விரலால் அமுக்கிப் பார்ப்பார்கள். அவருக்கு அது பொறுக்காது. "விரலாலயா படுக்கப் போறீங்க?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, நின்ற இடத்திலிருந்து அப்படியே பக்கவாட்டில் பாய்ந்து மெத்தை மேல் விழுந்து காட்டுவார். மரம் சாய்கிற மாதிரி இருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை வாடிக்கையாளர் வருகிறார்களோ அத்தனை முறை விழுவார். விழுவது எப்போதும் இடது பக்கம். வலது பக்கம் என் கடைச் சுவர். அந்தச் சுவரில்தான் நான் கண்ணாடிகளைச் சாய்த்து வைத்திருப்பேன். அந்த மரியாதையை அவர் கடைசிவரை காப்பாற்றினார்.

ஒரு நாள் எங்கள் ஊர்ப் பந்துக் கிளப்பின் கேப்டன் தலையணை வாங்க வந்தார். கேப்டனும் அவரே, செயலாளரும் அவரே. பஸ்ஸில் கண்டக்டர். மைதானத்திலும் 'முன்னாடி போ, முன்னாடி போ' என்றுதான் கத்துவார். மெத்தைக்காரர் யாருக்கோ விழுந்து காட்டியதைப் பார்த்து, வாங்க வந்த தலையணையைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"இவ்வளவு அழகா விழறீங்களே, இதை எங்க கோல்ல வந்து விழுந்தா என்ன?"

"சரி" என்றார் மெத்தைக்காரர்.

முதல் ஆட்டத்தில் இடது பக்கம் வந்த பந்துக்குக் கடையில் பாய்கிற மாதிரியே பாய்ந்தார். பந்து கிடைத்தது. அப்புறம் ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. அதே அணியில் ஆடிக்கொண்டிருந்த நான் ஓடிப்போய்க் குனிந்து என்னவென்று கேட்டேன்.

"தரையை யாரும் அமுக்கிப் பார்க்கல" என்றார்.

அடுத்த ஆட்டத்திலிருந்து இடுப்பின் இரண்டு பக்கமும் கால்சட்டைக்குள் பஞ்சு அடைத்துக்கொண்டு வந்தார். நடந்தால் பீப்பாய் உருண்டு வருகிற மாதிரி இருக்கும். ஆனால் அந்த இடுப்பில் பட்டுத் திரும்பிய பந்துகளுக்குக் கணக்கே கிடையாது. கோலில் பாதியை அவர் இடுப்பே அடைத்துக்கொண்டிருந்தது என்று எதிரணிக்காரர்கள் புலம்புவார்கள்.

இங்கே எங்கள் கிளப்பின் கதையைச் சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் மெத்தைக்காரர் மாட்டிக்கொண்டது புரியாது.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர். பாலத்தைத் தாண்டினால் அக்கரை ஊர். நடந்தே போய் டீ குடித்துவிட்டு வரலாம். எங்கள் அப்பாக்கள் காலத்திலிருந்தே இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே கிளப்தான் இருந்தது. இரண்டு ஊர்ப் பெயரையும் சேர்த்துத்தான் கிளப்புக்குப் பெயர். ஒரு வருஷம் அதைப் பலகையில் எழுத ஒரு பெயிண்டரைப் பிடித்தார்கள். மனுஷன் உற்சாகமான ஆள். எங்கள் ஊர்ப் பெயரை ஒவ்வொரு எழுத்தும் பானை அளவுக்கு எழுதிக்கொண்டே போனார். எழுதி முடித்துத் தலையைத் திருப்பினால் பலகை முடிந்துவிட்டது. அவர் சளைக்கவில்லை. மீதி ஊர்ப் பெயரை ஓரத்தில், மருந்துச் சீட்டு எழுத்தில், பொடிப்பொடியாக எழுதிச் சேர்த்துவிட்டார்.

அக்கரைக்காரர்கள் திரண்டு வந்து பார்த்தார்கள்.

"எங்க ஊரு எங்கே?"

"இதோ, ஆணிக்குக் கீழ. கொஞ்சம் கிட்ட வந்து பாருங்க."

கிட்ட வந்து பார்த்தார்கள். அன்றைக்கே கிளப் இரண்டாகிவிட்டது. சொத்தும் பிரிந்தது. கிளப்புக்கு இருந்த பெரிய சொத்து இரும்பில் செய்த இரண்டு கோல்கள். சண்டை போட்டு ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள். கோபத்தில் யாருக்கும் யோசனை ஓடவில்லை. இரண்டு மைதானத்திலும் ஒரு பக்கம்தான் கோல். இன்னொரு பக்கத்துக்கு நாங்கள் சாரக் கம்புகளை நட்டோம். அக்கரையில் தண்ணீர்க் குழாய்களை இணைத்து ஒரு கோல் செய்தார்கள். அதில் ஒரு கம்பத்தில் பழைய தண்ணீர் டேப் ஒன்று அப்படியே இருந்தது. திறந்தால் தண்ணீர் வராது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அங்கே விளையாடப் போன ஒவ்வொரு கோல்கீப்பரும் ஒரு தடவை திறந்து பார்த்திருக்கிறார்.

இரண்டு ஊரும் மோதும் ஆட்டத்துக்கு மட்டும், விருந்தாளி அணி தன் இரும்புக் கோலைத் தோளில் சுமந்து பாலத்தைக் கடந்து வரும். ஆட்டம் முடிந்ததும் சுமந்துகொண்டு திரும்பும். தோற்றவர்கள் சுமந்தால் கோல் கனமாக இருக்கும் என்பார் கண்டக்டர்.

இந்த நிலைமையில்தான் மெத்தைக்காரருக்குக் கல்யாணம் ஆனது, அதுவும் அக்கரைப் பெண்ணோடு.

அவரை நாங்கள் அண்ணி என்போம். தையல்காரி. மெத்தைக்காரர் உறைகளை அவரிடம்தான் தைக்கக் கொடுத்தார். தைத்த உறைகளைக் கொண்டுவந்து கொடுக்கும்போதெல்லாம் கடையில் பறக்கும் பஞ்சுத் தூசுக்குத் தும்முவார். வாசலிலேயே நின்று தும்முவார். அதைப் பார்த்து மெத்தைக்காரர் வாசல்வரை வர ஆரம்பித்தார், அப்புறம் பாலம்வரை, அப்புறம் அவர்கள் வீடுவரை. அண்ணியின் அண்ணன் குழாய் ரிப்பேர் பார்ப்பவர். டேப் வைத்த கோலைச் செய்தது அவர்தான். அக்கரைக் கிளப்பின் கேப்டனும் அவர்தான். அவரே நேரடியாகக் கேட்டுவிட்டார்.

"என் தங்கச்சியக் கட்டிக்கிறீங்களா?"

"சரி."

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து அண்ணி கேட்டாராம், "எல்லாருக்கும் சொல்ற சரிதானா எனக்கும் சொன்னீங்க?" என்று. "அந்த ஒரு சரியைத்தான் யோசிச்சுச் சொன்னேன்" என்றாராம் இவர். இதை அண்ணியே என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் என் மனைவி என்னை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தது வேறு விஷயம்.

மெத்தைக்காரர் வீட்டில் அறைக்கு அறை பஞ்சு மூட்டை. அண்ணியால் அங்கே மூச்சுவிட முடியவில்லை. அதனால் அக்கரையில், மச்சான் வீட்டு மாடியில் குடியேறினார்கள். கடை இங்கே, வீடு அங்கே. எங்கள் லீக்கில் ஒரு விதி உண்டு: ஓர் ஊரில் குடியிருப்பவரும் அந்த ஊருக்கு விளையாடலாம், அங்கே தொழில் செய்பவரும் விளையாடலாம். அந்த விதியை எழுதியவர் பாவம், மெத்தைக்காரரைப் பார்த்ததில்லை.

அக்கரை கோல்கீப்பருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். மச்சான் மாடிக்கு வந்தார். ஒழுகாத குழாய் ஒன்றைக் கொஞ்ச நேரம் முறுக்கிவிட்டுப் பேச்சை எடுத்தார்.

"மாப்ள, இங்கதானே குடியிருக்கீங்க. எங்க கோல்லயும் நில்லுங்களேன்."

மெத்தைக்காரர் என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுதத் தேவையில்லை.

அந்த வருஷம் சனிக்கிழமை எங்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கும் விளையாடினார். எங்கள் சட்டை மஞ்சள், அவர்கள் சட்டை நீலம். எங்கள் லீக்கில் கோல்கீப்பருக்குத் தனி நிறம் என்ற ஆடம்பரமெல்லாம் கிடையாது. இரண்டு கிளப்புக்கும் விஷயம் தெரியும். யாருமே அதைப் பற்றிப் பேசவில்லை. ஏனென்றால் இரண்டு கிளப்பும் ஜெயித்துக்கொண்டிருந்தன. கடைசியில் லீக்கில் சம புள்ளிகளோடு மேலே நின்றது இந்த இரண்டு ஊரும்தான். மீதமிருந்தது ஒரே ஓர் ஆட்டம், எங்கள் மைதானத்தில், எங்களுக்கும் அக்கரைக்கும்.

மெத்தைக்காரர் மழைக்காகக் காத்திருந்தார். கடை வாசலில் நின்று வானத்தையே பார்ப்பார். வெயில் கொளுத்தியது.

கண்டக்டர் கடைக்கு வந்து காட்சிக்கு வைத்த மெத்தையில் உட்கார்ந்தார். "அன்னைக்கு நீ நம்ம கோல்லதானே?"

"சரி."

மறுநாள் காலை அக்கரையில் மெத்தைக்காரர் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது மச்சான் கேட்டார். "அன்னைக்கு நம்ம கோல்லதானே மாப்ள?"

வாயில் நுரை. தலையை ஆட்டினார். ஆமாம் என்று ஆட்டினாரா இல்லை என்று ஆட்டினாரா என்பது இன்றுவரை தகராறு.

அதற்கப்புறம் அவர் சாப்பாடு இறங்காமல் ஒரு சுற்று இளைத்துவிட்டார். பஞ்சைக் கூடுதலாக அடைக்க வேண்டியிருந்தது. கடையில் மெத்தை கேட்டு வந்தவர்களுக்கு விழுந்து காட்டக்கூட மனசில்லை. விழுந்தால் எழுந்திருக்காமல் அப்படியே கிடந்தார். ஒருவர் பயந்துபோய் என் கடையிலிருந்து கைக்கண்ணாடி வாங்கி அவர் மூக்கருகே பிடித்துப் பார்த்தார். கண்ணாடி விற்றது. எனக்கு அதில் சந்தோஷப்பட மனசு வரவில்லை.

கடைசியில் வீட்டில் சொல்லிவிட்டார். அண்ணி தைத்துக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினார்.

"பாதி ஆட்டம் முடிஞ்சதும் ரெண்டு டீமும் பக்கம் மாறும்தானே?"

"மாறும்."

"நீங்க எதுக்கு மாறணும்?"

மெத்தைக்காரருக்குப் புரியவில்லை. அண்ணி ஒரு துணியை விரித்து, ஒரு ஓரத்தில் ஊசிப் பெட்டியையும் இன்னொரு ஓரத்தில் நூல்கண்டையும் வைத்துக் காட்டினார். "நீங்க பாலத்துப் பக்கக் கோல்லயே நில்லுங்க. முதல் பாதி அது உங்க ஊரு கோல். ரெண்டாவது பாதி அதுவே எங்க அண்ணன் கோல். நீங்க நகரவே வேணாம். அந்தப் பக்கக் கோல்லயும் ஒரே ஆளு நிக்கட்டும். ரெண்டு ஊருக்கும் சமமாப் போச்சு."

மெத்தைக்காரர் அந்த நூல்கண்டையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போய்ச் சாப்பிட்டார். நிறையவே சாப்பிட்டார்.

இந்த யோசனையைக் கேட்டு இரண்டு கேப்டன்களும் குதித்தார்கள். ஆனால் மாற்று யோசனை இருவரிடமும் இல்லை. நடுவர் வேற்றூர்க் கால்நடை டாக்டர், நிதானமான மனிதர். விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கூடாதுன்னு எங்கயும் போடல. இப்படிச் செய்வாங்கன்னு யாருக்கும் தோணியிருக்காது" என்றார். அண்ணி இரண்டு கோல்கீப்பர்களுக்கும் வெளியே மஞ்சளும் உள்ளே நீலமுமாகத் திருப்பிப் போடுகிற சட்டை தைத்துக் கொடுத்தார்.

மறுபக்கக் கோலில், அதாவது தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில், நிற்க ஆள் வேண்டுமே. எங்கள் கிளப்பின் மாற்று கோல்கீப்பர் மருந்துக் கடைக்காரர். வருஷக்கணக்காக மாற்று ஆளாகவே இருந்து, ஒரு தடவைகூட உள்ளே இறங்காதவர். மூக்குக் கண்ணாடியின் தடிமனைப் பார்த்து நானே அசந்திருக்கிறேன், கண்ணாடிக்காரன் சொல்கிறேன். தன்னைக் கூப்பிட்டார்கள் என்றதும் கடையைப் பூட்டிவிட்டு முதல் ஆளாக மைதானத்துக்கு வந்து நின்றார்.

ஆட்டம் ஆரம்பித்தது. முதல் பாதியில் மெத்தைக்காரர் எங்களுக்கு. அக்கரைக்காரர்கள் அடித்த பந்தையெல்லாம் விழுந்து விழுந்து பிடித்தார். மச்சான் அடித்த ஒரு பந்தை இடுப்பால் தடுத்துவிட்டு, "மன்னிச்சுக்குங்க மச்சான்" என்றார். அந்தப் பக்கம் மருந்துக் கடைக்காரர் அக்கரைக்காக நின்றார். பந்து வருவது அவருக்குத் தெரிவதற்கும் வலை ஆடுவதற்கும் நடுவே எப்போதும் கொஞ்ச நேரம் பிடித்தது. நாங்கள் ஐந்து கோல் போட்டோம். நான்கூட ஒன்று போட்டேன், வேறு யாருக்கோ தட்டிவிட்ட பந்து.

அக்கரைக் கூட்டம் மருந்துக் கடைக்காரரைத் திட்டித் தீர்த்தது. "இனிமே உங்க கடையில மாத்திரை வாங்க மாட்டோம்" என்று ஒருவர் கத்தினார்.

இடைவேளை. இரண்டு அணியும் பக்கம் மாறின. இரண்டு கோல்கீப்பர்களும் சட்டையை மட்டும் திருப்பிப் போட்டுக்கொண்டு அந்தந்த இடத்திலேயே நின்றார்கள். இப்போது மருந்துக் கடைக்காரர் எங்கள் ஆள். அவரைக் காக்க நான் பின்வரிசையில் நின்றேன். திட்டிக்கொண்டிருந்த அக்கரைக் கூட்டம், நிறுத்திய இடத்திலிருந்தே அவரைக் கைதட்டி உற்சாகப்படுத்த ஆரம்பித்தது. திட்டும் வேலையை நாங்கள் எடுத்துக்கொண்டோம். அவர் இரண்டையும் ஒரே மாதிரி வணக்கம் போட்டு ஏற்றுக்கொண்டார்.

அவர்களும் ஐந்து போட்டார்கள்.

ஐந்துக்கு ஐந்து. ஆட்டம் முடியும் தறுவாயில் பாலத்துப் பக்கம் எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. கோலில் நீலச் சட்டையில் மெத்தைக்காரர். பந்தை வைத்தது கண்டக்டர்.

அவர் இடது பக்கம்தான் விழுவார் என்பது எங்கள் ஊரில் மெத்தை வாங்கிய ஒவ்வொருவருக்கும் தெரியும். வலது பக்கம் அடித்தால் கோல். அது மெத்தைக்காரருக்கும் தெரியும். இடது பக்கமே விழுந்தால் பழைய ஊருக்கு விட்டுக்கொடுத்தான் என்று அக்கரை பேசும். வலது பக்கம் விழுந்து பிடித்தால் பெண் எடுத்த ஊருக்கு விலைபோனான் என்று நாங்கள் பேசுவோம். மனுஷன் கூட்டத்தில் அண்ணி எங்கே என்று தேடினார். அண்ணி எழுந்து நின்று, உள்ளங்கையைக் கீழே காட்டி ஏதோ சைகை செய்தார். விழாதீங்க, அப்படியே நில்லுங்க என்பது போல இருந்தது.

கண்டக்டருக்கும் மனசு கேட்கவில்லை போல. கோலுக்குக் கூட்டி வந்ததே அவர்தானே. வலதும் இல்லாமல் இடதும் இல்லாமல் நட்டநடுவில் ஓங்கி அடித்தார்.

பந்து போய் மெத்தைக்காரரின் இடுப்பில் நேராக மோதியது. டப்பென்று ஒரு சத்தம். தையல் பிரிந்து, இளைத்ததற்காகக் கூடுதலாக அடைத்திருந்த பஞ்செல்லாம் மேகம் மாதிரி கிளம்பியது. பந்து எங்கே, கோல் எங்கே, ஆள் எங்கே, ஒன்றும் தெரியவில்லை. எல்லோரும் தும்மினார்கள். கண்டக்டர் தும்மினார், மச்சான் தும்மினார், கூட்டத்தில் அண்ணி தும்மியது தனியாகக் கேட்டது. விசில் வாயில் இருக்கக் கால்நடை டாக்டரும் தும்மினார். விசில் நீளமாக, அழுத்தமாக, சந்தேகமே இல்லாமல் ஊதியது.

ஊதியது ஊதியதுதான். ஆட்டம் முடிந்தது.

"தும்மல்ல வந்ததுங்க அது" என்று மச்சான் வாதாடினார்.

"விசில்ல வந்ததா இல்லையா?" என்றார் டாக்டர், மூக்கைத் துடைத்துக்கொண்டே. பஞ்சு அடங்கிய பிறகு பார்த்தால் பந்து கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. அண்ணி மெத்தைக்காரரின் இடுப்பில் துண்டைச் சுற்றிவிட்டு, "என் தையல் பிரிஞ்சதுன்னு வெளில சொல்லிடாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

லீக் கோப்பையை இரண்டு ஊரும் ஆளுக்கு ஆறு மாதம் வைத்துக்கொண்டன. விதியையும் உடனே மாற்றிவிட்டார்கள். இனிமேல் ஒருவர் ஒரு கிளப்புக்குத்தான் விளையாடலாம். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடு என்று இரண்டு கேப்டன்களும் ஒரே நேரத்தில் மெத்தைக் கடைக்கு வந்து நின்றார்கள். நான் என் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நம்ம கிளப்புக்குத்தானே?" என்றார் கண்டக்டர்.

"நம்ம கிளப்புதானே மாப்ள?" என்றார் மச்சான்.

மெத்தைக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"முடியாது" என்றார்.

கண்டக்டர் காட்சி மெத்தையில் தொப்பென்று உட்கார்ந்தார். மெத்தைக்காரரே கொஞ்சம் அசந்துதான் போனார். அந்த வார்த்தை இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. ருசி கண்டுவிட்டார். அடுத்த சில வாரங்கள் எதற்கெடுத்தாலும் முடியாதுதான். ஒரு வருஷம் படுத்த மெத்தையைத் திருப்பிக் கொண்டுவந்தவருக்கு முடியாது. சும்மா விலை கேட்டவருக்கும் முடியாது. கடைசியில் ஒருவர் முழு விலையும் கொடுத்து இரட்டை மெத்தை கேட்டதற்கும் முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அண்ணி பாலத்தைக் கடந்து வந்து, தும்மிக்கொண்டே அவரைக் கடையில் உட்கார வைத்து, எதற்கு எதைச் சொல்ல வேண்டும் என்று பேசி முடித்தார். அதற்கப்புறம் நிதானத்துக்கு வந்தார்.

லீக் ஆட்டங்களை அவர் அதோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் இரண்டு ஊருக்கும் அந்த ஆட்டத்தின் ருசி போகவில்லை. லீக்குக்குச் சம்பந்தமில்லாமல், வருஷத்துக்கு ஒரு தடவை, அதே மாதிரி விளையாடுகிறோம். இரும்புக் கோல் பாலத்தைக் கடந்து வரும். மெத்தைக்காரர் ஒரு பக்கம், மருந்துக் கடைக்காரர் ஒரு பக்கம், இருவரும் இடைவேளையில் சட்டையை மட்டும் திருப்பிக்கொள்வார்கள். வேறு எந்த ஊரிலும் இப்படி விளையாடுவதாக நான் கேள்விப்பட்டதில்லை.

போன வருஷம் மருந்துக் கடைக்காரர் ஒரு பந்தைப் பிடித்துவிட்டார். எப்படி என்று அவருக்கே தெரியவில்லை. கையில் என்ன இருக்கிறது என்று கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். இரண்டு ஊர்க் கூட்டமும் எழுந்து நின்று கைதட்டியது. மெத்தைக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவரைத் தூக்கிச் சுற்றுவதற்காகத் தன் கோலை விட்டுவிட்டு மைதானத்தின் மறுமுனைக்கு ஓட ஆரம்பித்தார். உற்சாகத்தில் மருந்துக் கடைக்காரர் பந்தை ஓங்கி உதைத்தார். அது மெத்தைக்காரரின் தலைக்கு மேலே பறந்து, மச்சான் காலில் போய் விழுந்தது. மச்சான் மாப்பிள்ளையின் முதுகைப் பார்த்தார், ஆளில்லாத கோலைப் பார்த்தார், மெதுவாகத் தட்டிவிட்டார்.

கால்நடை டாக்டர் கோல் என்று ஊதினார். மெத்தைக்காரர் ஆட்சேபிக்கவில்லை. பாதி மைதானத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டிருந்தார். மருந்துக் கடைக்காரர் தானே நடந்து வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.